ஹெடர் சூட்டில் செல்ஃப் எடுக்காத 350: போர்வை சுற்றும் முன் மீட்டரை எடுங்கள்

கேட்டவரின் வண்டி 1978 செவ்ரலே கமாரோ, 350 கன அங்குல வி8 இன்ஜின். வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு லாங் டியூப் ஹெடர், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக இறங்கும் நீண்ட எக்ஸாஸ்ட் குழாய்கள், மாட்டியிருக்கிறார். அதிலிருந்து, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றுவதில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு செல்ஃப் மோட்டார் மாற்றியும் அதே கதை. ‘ஹெடருக்கு ராப் சுற்றுவதா, செல்ஃப் மோட்டாருக்கு வெப்பப் போர்வை போடுவதா, எது நல்லது?’ என்பது அவர் கேட்டது. (ராப் என்பது குழாய்மேல் சுற்றும், சூடு தாங்கும் கண்ணாடியிழை நாடா.) அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: சூடுதான் இங்கே குற்றவாளியா, அல்லது ஏற்கெனவே இருந்த ஒரு மின் பலவீனத்தைச் சூடு காட்டிக்கொடுக்கிறதா? இரண்டு மோட்டார் மாற்றியும் தீரவில்லை என்றால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். அது தெரியாமல் போர்வைக்குச் செலவு செய்தால், அடுத்த கோடையில் இதே இடத்தில் மறுபடி நிற்க வேண்டிவரும்.

முதலில், நிச்சயமாகத் தெரிந்தவை. இந்த இன்ஜினில் செல்ஃப் மோட்டார் பிளாக்கின் வலப்பக்க அடியில், பின்கோடியில், கீழிருந்து மேலே போகும் இரண்டு போல்ட்டுகளில் தொங்குகிறது. அதன் தலைமேல் சொலினாய்டு: சாவியைத் திருப்பியதும் மின்காந்தத்தால் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுத்து, மோட்டாரின் பல்சக்கரத்தை இன்ஜினோடு கோத்து, மோட்டாருக்குக் கரண்ட் விடும் பாகம். வலப்பக்கத்துப் பின் சிலிண்டர்களான 6, 8 இரண்டின் குழாய்களும் அந்தச் சொலினாய்டை உரசாத குறையாக இறங்குகின்றன. பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு தடித்தது, மேலேயே ஒதுங்கி நிற்பது. ஹெடரோ மெல்லிய தகட்டுக் குழாய். வாயுவின் சூடு அதன் வெளிப்பரப்புக்கு உடனே வந்துவிடும். சூடான பரப்பு வீசும் கதிர்வீச்சு, கெல்வின் கணக்கில் வெப்பநிலையின் நான்காம் அடுக்காக ஏறுகிறது. 300 டிகிரி செல்சியஸ் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் சுமார் 6 கிலோவாட் வீசும் என்றால், 500 டிகிரியில் அது 20 கிலோவாட். வெப்பநிலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வீச்சு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது.

ஓடும்போது ரேடியேட்டர் ஃபேனும் எதிர்க்காற்றும் இந்தச் சூட்டில் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு போகும். இன்ஜினை நிறுத்தியதும் காற்றும் நிற்கிறது, கூலன்ட் ஓட்டமும் நிற்கிறது. குழாயிலும் பிளாக்கிலும் தேங்கிய சூடு அக்கம்பக்கத்துக்குப் பரவத் தொடங்குகிறது. அதனால் செல்ஃப் மோட்டார் உச்சச் சூட்டை அடைவது ஓட்டத்தின்போது அல்ல, நிறுத்தியபின் பத்து நிமிடத்துக்கும் அரை மணிக்கும் இடையில். பெட்ரோல் போட நிறுத்தி உடனே எடுத்தால் ஸ்டார்ட் ஆகிற வண்டி, கடைக்குள் போய்த் திரும்பினால் ஆகாமல் போவது இதனால்தான். கேட்டவர் சொன்ன ‘கால் மணி நேரம்’ இதோடு ஒத்துப்போகிறது.

சூடு ஏறினால் சொலினாய்டுக்கு என்ன ஆகிறது? செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் இருந்த காயில் (சொலினாய்டின் கம்பிச்சுருள்) 120 டிகிரிக்குப் போனால் தடை 39 சதவீதம் ஏறுகிறது. அதே 12 வோல்ட்டில் கரண்ட் பழைய அளவில் 72 சதவீதமாகக் குறைகிறது. பிளஞ்சரை இழுக்கும் விசையோ கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, விசை பாதிக்கு இறங்கிவிட்டது. ஆரோக்கியமான வயரிங்கில் மீதிப் பாதி விசையே போதும். சொலினாய்டு அவ்வளவு கையிருப்போடுதான் செய்யப்படுகிறது. ஆனால் சாவியிலிருந்து வரும் வயரில் 2 வோல்ட் தொலைந்து, சொலினாய்டுக்கு 10 வோல்ட்டும் சொச்சமும்தான் வந்து சேர்கிறது என்று வையுங்கள். இரண்டு இழப்பும் பெருக்கிக்கொண்டு, விசை மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும். குளிரில் அந்த 2 வோல்ட் இழப்பு வெளியே தெரியாது. சூட்டில் அதுவே பிளஞ்சரை வழியில் நிறுத்திவிடும்.

அந்த 2 வோல்ட் எங்கே தொலைகிறது என்றால், வழி நெடுக. பேட்டரியிலிருந்து ஒரு வயர் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுச்சுவர்) கனெக்டரைத் தாண்டி உள்ளே போய், சாவி சுவிட்சைத் தொட்டு, கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யவிடும் நியூட்ரல் சுவிட்ச் வழியாக வந்து, மறுபடி ஃபயர்வாலைத் தாண்டி, ஊதா நிற வயராக இறங்கி, எஸ் என்று குறித்த முனையில் முடிகிறது. நாற்பது ஐம்பது வருடப் பழைய கனெக்டர்கள் வழியே சொலினாய்டு இழுக்கும் நேரத்தில் 40 ஆம்பியரை ஒட்டிய கரண்ட் போக வேண்டியிருக்கிறது. அந்த ஊதா வயரே ஹெடரை ஒட்டித்தான் இறங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி அறிகுறியைப் பிரிப்போம். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை என்றால், எஸ் முனைக்கு மின்சாரம் போதவில்லை அல்லது வரவே இல்லை. கனமான ஒற்றை ‘டக்’ என்றால் பிளஞ்சர் உள்ளே போயிருக்கிறது. தகராறு உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட்டிலோ, மோட்டாரிலோ, பெரிய கேபிளிலோ. ‘டகடகடக’ என்று படபடத்தால் பேட்டரி விழுகிறது, அல்லது எர்த் சரியில்லை. இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் கேபிள், எர்த், மோட்டார் அல்லது இக்னிஷன் டைமிங். நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூட்டில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருக்கும். அது வேறு வைத்தியம். கேட்டவர் ‘டக்’ என்று எழுதியிருக்கிறார். அது சொலினாய்டின் கனமான அடியா, சிறிய தட்டலா என்பது எழுத்தில் தெரியாது. மீட்டர் சொல்லிவிடும்.

மீட்டர் வேலைக்கு இருபது நிமிடம் போதும். செய்ய வேண்டியது வண்டி அடம்பிடிக்கும் அந்தச் சூட்டு நேரத்தில்தான். ஆறிய வண்டியில் எடுத்த அளவு இங்கே உதவாது. முதலில் ஆறிய நிலையில், பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, செல்ஃப் மோட்டாரின் பேட்டரி முனை, எஸ் முனை, மோட்டாருக்குள் போகும் எம் முனை மூன்றிலும் நீளமான சோதனை வயர்களைப் பொருத்தி, ஹெடரைத் தொடாமல் மேலே கொண்டுவந்து, நுனிகளை டேப் சுற்றி வையுங்கள். பேட்டரி முனையில் வைக்கும் வயரில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். அது எங்காவது உரசி எர்த் ஆனால் வயரே எரிந்துபோகும். பிறகு எர்த்தை மாட்டி, வண்டியை ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருங்கள். கியர் பார்க்கில், ஹேண்ட் பிரேக் இழுத்து, வண்டிக்கு அடியில் யாரும் இல்லாமல், ஒருவர் சாவியைத் திருப்ப இன்னொருவர் 20 வோல்ட் டி.சி. அளவில் மீட்டரைப் பிடிக்க வேண்டும்.

எடுக்க வேண்டியவை ஐந்து அளவுகள். பேட்டரியின் இரண்டு ஈய முனைகளுக்கு நடுவே: கிராங்க் ஆகும்போது, அதாவது செல்ஃப் இன்ஜினைச் சுற்றும்போது, 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பேட்டரி முனைக்கு: அரை வோல்ட்டுக்குள். பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து மோட்டாரின் உடம்புக்கு: 0.3 வோல்ட்டுக்குள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து எஸ் முனைக்கு: 1 வோல்ட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 2 வோல்ட் என்றால் அங்கேயே திருடன் அகப்பட்டான். கடைசியாக எம் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே. மீட்டரின் ஊசியை லக்கில் (கேபிள் நுனியில் இருக்கும் உலோகக் கொண்டியில்) வைக்காமல் ஈய முனையிலேயே குத்துங்கள். லக்குக்கும் முனைக்கும் நடுவில் படியும் அரிமானம்தான் பல நேரம் குற்றவாளி. இன்னொன்று: பெரிய கேபிளின் இழப்பு மோட்டாருக்குக் கரண்ட் போகும்போதுதான் தெரியும். ‘டக்’ என்று நின்றுவிட்டால் அந்த இரண்டு அளவுகளும் பொய்யாக நல்ல எண் காட்டும். அதனால் அவற்றை வண்டி சுற்றுகிற நேரத்திலும் ஒருமுறை எடுங்கள்.

இப்போது படிப்பது எளிது. பேட்டரி வோல்ட்டேஜில் அந்தந்த முனைக்கான இழப்பைக் கழித்தால், பேட்டரி முனையிலும் எஸ் முனையிலும் எத்தனை வோல்ட் என்று தெரியும். எஸ் முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, பேட்டரி முனையில் 12 இருக்கிறது, எம் முனையில் ஒன்றுமில்லை என்றால் சொலினாய்டின் உள் காண்டாக்ட் எரிந்திருக்கிறது, அல்லது பிளஞ்சர் முழுதாக வரவில்லை. எம் முனையிலும் நல்ல வோல்ட்டேஜ் இருந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ், புஷ், ஆர்மேச்சர் பக்கம் போங்கள். எஸ் முனையில் 8, 9 என்று நொண்டினால் மோட்டாரின் மேல் பழியே இல்லை. எத்தனை மோட்டார் மாற்றினாலும் இது தீராது. பிரஷ் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தச் சொலினாய்டுக்குள் இரண்டு காயில். ஒன்று பிடித்து வைப்பது, அது நேராக எர்த்துக்குப் போகிறது. மற்றது இழுப்பது, அது மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான் எர்த்தைத் தேடுகிறது. பிரஷ் தேய்ந்தால் மோட்டார் மட்டுமல்ல, சொலினாய்டின் இழுப்பும் சோர்ந்துபோகும்.

மெதுவாகச் சுற்றி, நடுவில் உதைத்து நிற்கிற வண்டியாக இருந்தால் டைமிங்கையும் பாருங்கள். ஹெடர் போட்ட கையோடு டிஸ்ட்ரிபியூட்டரை முன்னே திருப்பிவைப்பது வழக்கம். ஆரம்ப அட்வான்ஸ் (பொறி முன்கூட்டியே வரும் அளவு) அதிகமானால், சூடான இன்ஜினில் பிஸ்டன் மேலே வருவதற்குள் பற்றிக்கொண்டு எதிர்த்திசையில் உதைக்கும். சோதிக்க வழி சுலபம்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பேட்டரி முனைக்கு வரும் வயரைப் பிடுங்கிவிட்டுச் சூட்டில் கிராங்க் செய்யுங்கள். சலசலவென்று சுற்றினால் வெப்பக் கவசம் எதுவும் வேண்டாம், டைமிங் லைட்தான் வேண்டும்.

வைத்தியத்துக்கு வருவோம். முதல் இடம் எர்த்துக்கும் கேபிளுக்கும். பேட்டரி நெகட்டிவ் கேபிள் பாடியில் போய் முடியாமல் நேராக இன்ஜின் பிளாக்கில், முடிந்தால் செல்ஃப் மோட்டார் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பின்மேல் அமர வேண்டும். பிளாக்கிலிருந்து பாடிக்குத் தனி ஸ்ட்ராப். பேட்டரி முன்னால் இருந்தால் 2 கேஜ் கேபிள், அதாவது 35 சதுர மி.மீ., போதும். டிக்கிக்கு மாற்றியிருந்தால் 1/0 கேஜ், சுமார் 50 சதுர மி.மீ., வேண்டும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 250 ஆம்பியர் போகும்போது 4 கேஜ் கேபிளில் 1 வோல்ட்டே தொலைந்துபோகும், 1/0 கேபிளில் 0.4 வோல்ட். லக்கைச் சுத்தியலால் நசுக்காமல் சரியான கிரிம்பரால் அழுத்துங்கள். கடைசி அரை மீட்டருக்குச் சிலிக்கான் பூசிய கண்ணாடியிழை உறை போடுங்கள். அது 260 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும். சாதாரண பி.வி.சி. வயர் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். குழாயிலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி, உலோகக் கிளிப்பில் பிடித்து வையுங்கள். இந்தப் பெரிய கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. அது உருகி ஹெடரில் உட்கார்ந்தால் வண்டி தீப்பிடிக்கும். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் பயப்படுவேன்.

எஸ் முனையில் வோல்ட்டேஜ் குறைகிறது என்றால் ரிலே போடுங்கள். சில்லறைச் செலவில் தீர்கிற இந்த வேலை, பல வண்டிகளில் போர்வையும் ராப்பும் சேர்ந்து செய்யாததைச் செய்துவிடும். கிடைத்தால் 70 ஆம்பியர் ரிலே, இல்லையென்றால் நல்ல தரத்தில் 40 ஆம்பியர். அதை ஹெடருக்கு எட்டாத இடத்தில், உள் மட்கார்டிலோ ஃபயர்வாலிலோ பொருத்துங்கள். பழைய ஊதா வயரை 86-ஆம் முனையில் கொடுங்கள். 85 எர்த். 30-ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 10 கேஜ் வயர், அதாவது 5 அல்லது 6 சதுர மி.மீ. அதே தடிமனில் 87-ஆம் முனையிலிருந்து எஸ் முனைக்கு. இனி சாவி சுவிட்ச் ரிலேயின் சின்னக் காயிலை மட்டும் தூண்டினால் போதும். அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம், பழைய கனெக்டரில் இழப்பும் இராது. நியூட்ரல் சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்யும். அதைத் தாண்டி வயர் இழுக்கிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கியரில் நிற்கும் வண்டி சாவி திருப்பியதும் பாய்ந்துவிடும்.

இதே வேலைக்கு அமெரிக்கக் கடைகளில் ஃபோர்டு பாணிச் சொலினாய்டு ஒன்றை மட்கார்டில் பொருத்தி, செல்ஃப் மோட்டாரின் பேட்டரி முனையையும் எஸ் முனையையும் ஒரு செம்புப் பட்டையால் இணைத்துவிடும் பழைய வழக்கம் உண்டு. இந்த வண்டிகளில் தொழிற்சாலையிலேயே வந்த, காயில் சுற்றிய பழைய டெல்கோ மோட்டாரில் அது ஓடும். நிரந்தரக் காந்தம் வைத்த புதிய கியர் ரிடக்‌ஷன் மோட்டாரில் அப்படிச் செய்யவே கூடாது. சாவியை விட்டபின்னும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பட்டை வழியே தன் சொலினாய்டுக்குத் தானே மின்சாரம் கொடுக்கும். பெண்டிக்ஸ் (பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தோடு முன்னும் பின்னும் நகரும் பாகம்) உடனே பின்வாங்காமல் ரிங் கியரோடு (ஃபிளைவீல் விளிம்பின் பல்வளையத்தோடு) இழுபடும். ஃபோர்டு சொலினாய்டுதான் வேண்டும் என்றால், பெரிய கேபிளை நேராக மோட்டாருக்கே விட்டுவிட்டு, அதை எஸ் முனையைத் தூண்டும் ரிலேயாக மட்டும் பயன்படுத்துங்கள்.

இப்போது வெப்பத்தைத் தடுப்பது. இதில் முதலிடம் தகட்டுக் கவசத்துக்கு. கதிர்வீச்சு நேர்கோட்டில் வருவது. நடுவில் ஒரு தகடு நின்றால், அது கறுப்புத் தகடாகவே இருந்தாலும் கணக்கின்படி பாதியைத் தடுக்கும். பளபளக்கும் அலுமினியமாக இருந்தால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். 1 மி.மீ. அலுமினியம் அல்லது 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு. சொலினாய்டுக்கும் குழாய்க்கும் நடுவே, இரண்டு பக்கமும் 10 முதல் 12 மி.மீ. காற்று இடைவெளியோடு, சொலினாய்டின் விளிம்பைத் தாண்டி 25 மி.மீ. நீளட்டும். மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். சூடான காற்று மேலேறிப் போக வழி இல்லாவிட்டால் கவசம் அடுப்பாகிவிடும். தகட்டை மோட்டாரின் பின் ஸ்டட்டிலோ பிளாக்கின் போல்ட்டிலோ கட்டுங்கள், சேசிஸில் கட்டாதீர்கள். இன்ஜின் ஆடும்போது ஹெடரும் மோட்டாரும் சேர்ந்தே ஆடும், அவற்றுக்கு நடுவே இடைவெளி மாறாது. சேசிஸில் நிற்கும் தகடோ ஏதாவதொன்றில் மோதிக்கொண்டே இருக்கும். சொலினாய்டின் முனைகளுக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் அகலம் இருக்கட்டும். செவ்ரலேயே பல மாடல்களில் இப்படி ஒரு தகட்டைத் தொழிற்சாலையில் மாட்டித்தான் அனுப்பியது. ஹெடர் மாட்டும்போது இடிக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பழைய உதிரிப் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தப் பளபளப்பில் எண்ணெயும் தூசியும் படிந்தால் பலன் மளமளவென்று குறையும். வால்வு கவரில் கசிவு இருந்தால் முதலில் அதை அடையுங்கள்.

செராமிக் பூச்சும் ராப்பும் ஒரே வேலையைச் செய்கின்றன, சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைக்கின்றன. செராமிக் விலை அதிகம், ஹெடரைக் கழற்றி அனுப்ப வேண்டும், ஆனால் துருவையும் தடுக்கும். ஹெடரை எப்படியும் கழற்றப்போகிறீர்கள் என்றால் என் வாக்கு அதற்குத்தான். ராப் மலிவு. சூட்டை நன்றாகவே மறிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குழாயின் உலோகம் முன்னைவிடச் சூடாக ஓடும், மழையில் நனைந்த ராப் ஈரத்தைக் குழாயோடு ஒட்டி வைத்திருக்கும். மெல்லிய சாதா இரும்புக் குழாய் துருப்பிடித்து, வெல்டிங் ஓரத்தில் வெடிப்பது இதனால்தான். ராப் சுற்றினால் வாரண்டி கிடையாது என்று பல ஹெடர் தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். சுற்றுவதாக இருந்தால் 6, 8 குழாய்களில் மோட்டாரை ஒட்டி வரும் ஒன்றரை அடிக்கு மட்டும் சுற்றலாம். கால் அங்குலம் மேலேறும்படி, இறுக்கமாக, இரு முனையிலும் ஸ்டெயின்லெஸ் டை போட்டு. கண்ணாடியிழைத் தூசு தோலை அரிக்கும், கையுறையும் முகமூடியும் வேண்டும். முதல் ஓட்டத்தில் புகை வரும், பயப்பட வேண்டாம். எண்ணெய் ஊறிய ராப்பை அப்படியே விடக்கூடாது, அது திரி மாதிரி எரியும்.

வெப்பப் போர்வைக்கு நான் மூன்றாம் இடம்தான் தருவேன். அது குளிர்விப்பதில்லை, சூடேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். பத்து நிமிட ஓட்டத்துக்கும் கால் மணி நேர நிறுத்தத்துக்கும் அந்தத் தாமதமே போதுமானதாக இருக்கும். இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடியபின் போர்வைக்குள்ளும் சூடு நிரம்பிவிடும். பிளாக்கிலிருந்து போல்ட் வழியே நேராக வரும் சூட்டை அது தடுக்கவும் முடியாது. உள்ளே சேர்ந்த சூடு வெளியேறவும் அதே போர்வை நேரம் எடுத்துக்கொள்ளும். போடுவதானால் அலுமினியம் பூசிய பக்கம் வெளியே வர வேண்டும், முனைகள் இருக்கும் முகம் திறந்திருக்க வேண்டும். அந்த அலுமினியப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும், பேட்டரி முனையைத் தொட்டால் பொறி பறக்கும். குழாயோடு ஒட்டிக்கொள்ளவும் கூடாது. தகட்டுக் கவசம் நுழையவே இடமில்லாத வண்டியில் போர்வைக்கு நியாயம் உண்டு.

இடமே இல்லை, குழாய் சொலினாய்டிலிருந்து 10 மி.மீ. தூரத்தில் நிற்கிறது என்றால், கியர் ரிடக்‌ஷன் வகைச் சிறிய செல்ஃப் மோட்டார்தான் வழி. பழைய டெல்கோவில் ஏறத்தாழ பாதி எடை, உருவமும் சிறிது. பல மாடல்களில் தாங்கித் தட்டைத் திருப்பி, சொலினாய்டைக் குழாயிலிருந்து பிளாக் பக்கமாக ஒதுக்கி வைக்கலாம். உள்ளே பல்சக்கரம் இருப்பதால் குறைந்த கரண்ட்டில் அதே முறுக்குவிசை கிடைக்கும். ஆனால் இவற்றில் பலவும் ஃபெரைட் காந்தம் கொண்டவை. அந்தக் காந்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 சதவீத வலுவை இழக்கும். 100 டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், ஆறியதும் திரும்பிவரும். ஆகவே இதை மாட்டிவிட்டால் கவசம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. 1975-க்கு முந்தைய, பாயின்ட் வைத்த செவ்ரலேயாக இருந்தால் பழைய சொலினாய்டின் ஆர் முனையிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு ஒரு மஞ்சள் வயர் போகும், கிராங்க் நேரத்தில் முழு வோல்ட்டேஜ் கொடுக்க. சிறிய மோட்டார்கள் பலவற்றில் அந்த முனை இல்லை. கேட்டவரின் 1978 வண்டியில் எச்.இ.ஐ. எனும், பாயின்ட் இல்லாத மின்னணு இக்னிஷன் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

மாட்டும்போது போல்ட்டில் கவனம் வேண்டும். 153 பல் ஃபிளைவீலுக்கு இரண்டு துளைகளும் நேர்வரிசையில், 168 பல்லுக்குக் கோணலாக. பல பிளாக்குகளில் மூன்று துளையும் இருக்கும். தவறான மூக்கு (பிளாக்கில் உட்காரும் முகப்பு) கொண்ட மோட்டாரை மாட்டினால் பல் உடையும். செல்ஃப் மோட்டாரின் போல்ட் தண்டில் சொரசொரப்பான வரி வெட்டிய தனி வகை, அதுதான் மோட்டாரை இடத்தில் நிறுத்துகிறது. கடையில் கிடைக்கும் சாதா 3/8 அங்குல போல்ட் ஆகாது. இறுக்கம் 35 பவுண்டு-அடி, அதாவது 47 நியூட்டன் மீட்டரை ஒட்டி. பினியனை வெளியே இழுத்துப் பிடித்து, அதன் பல் நுனிக்கும் ரிங் கியரின் பல் குழிக்கும் நடுவே இடைவெளி பாருங்கள். குறைந்தது அரை மி.மீ. வேண்டும், பெரிய பேப்பர் கிளிப் கம்பி நுழைந்தால் சரி. கிராங்க் ஆகும்போதே கீச்சென்று கத்தினால் இடைவெளி அதிகம். இன்ஜின் பற்றியபின் கத்தினால் இடைவெளி குறைவு, ஷிம் (இடைவெளி கூட்டும் மெல்லிய தகடு) வைக்க வேண்டும். பழைய மோட்டாரின் முன்கோடியைப் பிளாக்கோடு பிடிக்கும் சிறிய இரும்புப் பட்டை ஒன்று உண்டு. ஹெடர் மாட்டுகிறவர்கள் அதையும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் எடை முழுவதும் இரண்டு போல்ட்டில் தொங்கி, பிளாக்கின் காதே உடைந்த வண்டிகள் உண்டு.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘சூட்டில் பிளஞ்சர் விரிந்து குழலுக்குள் இறுகிக்கொள்கிறது’ என்று பரவலாகச் சொல்கிறார்கள். இரும்பும் அதைச் சுற்றியுள்ள குழலும் சேர்ந்தே விரியும்போது அந்த விளக்கம் முழுதாக நிற்பதில்லை. மேலே சொன்ன செம்புத் தடைக் கணக்கே பெரும்பாலும் போதும். கெட்டிப்பட்ட பழைய கிரீஸும் பிரஷ் தூளும் பிளஞ்சரைத் தடுப்பது மட்டும் நிஜம். போர்வைப் பெட்டியில் போட்டிருக்கும் ‘இத்தனை டிகிரி குறையும்’ என்ற எண்ணையும் அப்படியே உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். குழாயின் தூரமும் காற்றோட்டமும் வண்டிக்கு வண்டி வேறு. சொலினாய்டின் உடம்பில் ஒரு தெர்மோகப்பிள் வயரை ஒட்டி, அதே சாலையில் அதே தூரம் ஓட்டி, கவசத்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் உங்கள் எண் கிடைக்கும். லேசர் வெப்பமானியைப் பளபளக்கும் பரப்பில் காட்டினால் குறைத்துக் காட்டும். கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்து அதன்மேல் காட்டுங்கள். மோட்டார்மேல் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் ஆபத்து. சூடான குழாய் வெடிக்கலாம், தண்ணீர் சொலினாய்டுக்குள் போகும். அவசரத்துக்கு பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பதே நல்லது. எடுக்காத மோட்டாரை விடாமல் சுற்றினால் அதன் சொந்தக் கரண்ட்டே ஹெடரைவிட வேகமாக அதை வேகவைக்கும். ஒருமுறைக்குப் பத்து விநாடி, நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு.

கேட்டவருக்கு என் வரிசை இது: சூட்டில் ஐந்து அளவுகள். எர்த்தும் கேபிளும் சுத்தம். எஸ் முனையில் இழப்பு இருந்தால் ரிலே. பிறகு தகட்டுக் கவசம், கேபிள் உறை. இவ்வளவும் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகும் நின்றால் சிறிய மோட்டார், ஹெடர் கழன்றிருக்கும் அந்த நேரத்திலேயே செராமிக். எது செய்தாலும் 500 கிலோமீட்டர் ஓடியபின் வண்டி ஆறியதும், பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு அடியில் போய், கேபிள் உறை எங்காவது பழுப்பேறியிருக்கிறதா, கிளிப் நகர்ந்து குழாய்ப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, பேட்டரி முனையின் நட் தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஹெடர் போல்ட்டுகளையும் அப்போதே இறுக்கிவிடலாம். கேஸ்கட் வழியே ஒழுகும் எக்ஸாஸ்ட் வாயு நேராகச் சொலினாய்டின்மேல் அடித்தால், மேலே சொன்ன எந்தக் கவசமும் தாங்காது.